கேபிட்டல் எழுத்தை சர்வர் பார்த்துக்கொள்ளட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழில் வாசகர் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் பகுதியில் அண்மையில் ஒருவர் கேட்டிருந்தார்: பேப்பரில் வந்த இணைய முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தும் ‘பக்கம் கிடைக்கவில்லை, 404’ என்றே வருகிறதே, என்ன காரணம்? ‘கேபிட்டல், ஸ்மால் எழுத்துகளைக் கவனித்து டைப் செய்யவும்’ என்ற ஒற்றை வரியோடு பதில் முடிந்துவிட்டது. சொன்ன தகவல் சரிதான். பழி போய் விழுந்த இடம்தான் சரியில்லை.

காவேரிப்பட்டணத்தில் டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம், சின்ன வியாபாரிகளுக்கு வெப்சைட் என்று கடை நடத்துகிறவள் நான். கல்யாணத்துக்கு முன்பு ஓசூரில் ஒரு கம்பெனியில் சர்வர்களை, அதாவது வெப்சைட்டை வைத்திருந்து கேட்பவருக்குப் பக்கத்தை எடுத்துத் தரும் கம்ப்யூட்டர்களை, பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். பேப்பர் கத்தரிப்போடு வந்து நிற்கிறவர்களையும் தெரியும், அந்த 404 எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளும். வெட்டுவதானால் சர்வர் பற்றிய பாகத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இணைய முகவரியில் இரண்டு பாகம் உண்டு. டாட் காம், டாட் இன் என்று முடிகிற தளப்பெயர் ஒன்று. அதற்கு அப்புறம் சாய்கோடு போட்டு வருகிற, எந்தப் பக்கம் என்று சொல்லும் வழி இன்னொன்று. தளப்பெயரில் கேபிட்டல் போட்டாலும் ஸ்மால் போட்டாலும் ஒன்றுதான். பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் முறைக்கு 1987-இல் எழுதிய விதியிலேயே அது இருக்கிறது. சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது அப்படியல்ல. 2005-இல் வந்த முகவரி விதிப்படி, அங்கே ஓர் எழுத்து கேபிட்டலாக மாறினாலே அது வேறு முகவரி. இரண்டையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது என்று மட்டும் எந்த விதியும் சொல்லவில்லை. என் வழக்கு முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது.

ஜனங்களுக்கு இது குழப்பமாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. மெயில் ஐடியை முழுக்க கேபிட்டலில் அடித்தாலும் மெயில் போய்ச் சேருகிறது. தளப்பெயரை எப்படி அடித்தாலும் முகப்புப் பக்கம் திறக்கிறது. உள்ளே இருக்கிற ஒரு பக்கம் மட்டும் ஏன் முறைக்க வேண்டும்? பாரூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் கேட்டதை அப்படியே தருகிறேன்: “பெரிசு சிறுசெல்லாம் பாஸ்வேர்டுலதானேம்மா பாப்பாங்க? இது என்ன ரகசியமா? பேப்பர்ல போட்ட அட்ரஸ்தானே?” இவ்வளவு தெளிவாக எங்கள் கம்பெனியில் எந்த மேனேஜரும் பேசி நான் கேட்டதில்லை.

இன்னொன்று. எங்கள் மாவட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் புழங்குகின்றன. நான்கின் எழுத்திலும் கேபிட்டல், ஸ்மால் என்ற பேச்சே இல்லை. அக்கம்பக்கத்தில் போனில் முகவரி சொல்கிறவர்கள் எழுத்தைத்தான் சொல்வார்கள், அதன் அளவைச் சொல்வது யாருக்கும் வழக்கமில்லை. சொல்லச் சொன்னாலும் தேன்கனிக்கோட்டை மலைப்பக்கத்து சிக்னலில் ‘கேபிட்டல் பி’ என்பது என்னவாகப் போய்ச் சேருமோ.

இந்தத் தொல்லை எங்கிருந்து கிளம்புகிறது என்றால், பெரும்பாலும் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறுகிற இடத்திலிருந்து. இரண்டும் கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை சாஃப்ட்வேர். விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒரு ஃபைலின் பெயரில் கேபிட்டல் இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளும். தேடும்போது மட்டும் அளவு பார்க்காது. ஆப்பிள் மேக்கும் வழக்கமாக அப்படித்தான். லினக்ஸுக்கு ஒவ்வொரு எழுத்தும் கறார். வெப்சைட் செய்கிற பையன் தன் விண்டோஸ் லேப்டாப்பில் எல்லாம் ஓடுகிறது என்று பார்த்து ஏற்றுவான். ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க வாடகைக்கு எடுத்த சர்வர், லினக்ஸாக இருக்கும். கேமராவிலிருந்து வந்த படத்தின் பெயர் கேபிட்டல் ஜேபிஜி என்று முடிந்திருக்கும், பக்கத்துக்குள் அதையே ஸ்மாலில் எழுதியிருப்பான். படம் வராது. அவனிடம் கேட்டால், “என் சிஸ்டத்துல வருதே மேடம்” என்பான். உண்மைதான், அவன் சிஸ்டத்தில் வரும்.

சந்தூர்ப் பக்கம் ஒட்டு மாங்கன்று நர்சரி வைத்திருக்கும் ஒருவர் எனக்கு வாடிக்கையாளர். அவர் விற்கிற ஒவ்வொரு கன்றிலும் ஒரு பிளாஸ்டிக் அட்டை கட்டியிருக்கும். ரகத்தின் பெயர், கீழே அந்த ரகத்துக்கான இணையப் பக்கத்தின் முகவரி. பெங்களூரா என்றால் ஒரு பக்கம், செந்தூராவுக்கு ஒன்று, மல்கோவாவுக்கு ஒன்று. எத்தனை அடி இடைவெளி விடுவது, கவாத்து எப்போது என்பதெல்லாம் அதில் இருக்கும். அட்டை அச்சடித்தவர் எடுப்பாகத் தெரியட்டும் என்று முகவரியை முழுக்க கேபிட்டலில் போட்டுவிட்டார். அது பல வருஷம் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது, ஏனென்றால் தளம் விண்டோஸ் சர்வரில் இருந்தது.

பிறகு ஹோஸ்டிங்காரர்கள், இவரிடம் ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வாடகை குறைவான லினக்ஸ் சர்வருக்குத் தளத்தை மாற்றினார்கள். முகப்புப் பக்கம் ஜம்மென்று திறந்தது. மெனுவில் இருந்த லிங்க் எல்லாம் ஸ்மால் எழுத்து என்பதால் அவையும் திறந்தன. மாற்றியவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். செத்துப்போனது அட்டையில் இருந்த முகவரி மட்டும்தான். சித்தூர் பக்கமிருந்தும் கோலார் பக்கமிருந்தும் கன்று வாங்கிப்போனவர்கள் கடையை மூடிவிட்டீர்களா என்று போன் செய்து கேட்க ஆரம்பித்தார்கள்.

அட்டை அச்சடித்தவர் சொன்ன யோசனை: “கஸ்டமர்கிட்ட சின்ன எழுத்துல அடிக்கச் சொல்லிடுங்க.” கிட்டத்தட்ட தங்கள் பகுதியில் வந்த அதே பதில். ஆனால் விற்ற கன்று அடுத்த மாநிலத்தில் யாரோ ஒருவர் தோட்டத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதில் கட்டிய அட்டையைத் திரும்ப வாங்க முடியாது. அச்சில் போனது போனதுதான். மாற்றக்கூடியதாக மிச்சமிருப்பது சர்வர் ஒன்றே. பேப்பருக்கும் இது பொருந்துமே, நாளைக்குத் திருத்தம் போட்டாலும் இன்றைய கத்தரிப்பு பர்ஸுக்குள் போய்விட்டதல்லவா?

சர்வரில் செய்ய வேண்டியதன் பெயர் ரீடைரக்ட். வீடு மாறியவருக்கு வந்த கடிதத்தைத் தபால்காரர் புது விலாசத்துக்குத் திருப்பிவிடுவது போன்றது. கேபிட்டலில் ஒரு முகவரி கேட்டு வந்தால், ‘அது இப்போது ஸ்மால் எழுத்தில் இருக்கிறது, அங்கே போ’ என்று பிரவுசருக்கு 301 என்ற எண்ணோடு பதில் போகும். பிரவுசர் தானே போய்த் திறந்துவிடும். அடித்தவருக்கு நடந்ததே தெரியாது.

சர்வரில் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் சாஃப்ட்வேர் பல உண்டு. அவற்றில் ஒன்றான அப்பாச்சியில், முகவரியை மாற்றி எழுதும் ரீரைட் என்ற வசதிக்குள்ளேயே எழுத்துகளைச் சின்னதாக்கும் செயல் தயாராக இருக்கிறது. வழியில் ஒரு கேபிட்டல் எழுத்து தென்பட்டாலும் முழு வழியையும் சின்ன எழுத்தாக்கி 301 கொடு என்று சொல்ல வேண்டும். சில வரிகளில் முடிந்துவிடும். ஒரே ஒரு முள், அந்தச் செயலை சர்வரின் பிரதான கான்ஃபிக் ஃபைலில்தான் அறிவிக்க முடியும். பலர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் மலிவு ஹோஸ்டிங்கில் நம் கைக்குக் கிடைப்பது, நம் தளத்துக்கு மட்டும் விதி எழுதுகிற எச்டி-அக்சஸ் ஃபைல் மட்டும். அதில் அறிவித்தால் ஏற்காது. அப்படிப்பட்ட இடத்தில் நான் செய்வது வேறு. 404 பக்கத்தையே ஒரு சின்ன பிஎச்பி நிரலாக வைத்துவிடுகிறேன். கேட்ட வழியை அது சின்ன எழுத்தாக்கிப் பார்க்கும், அந்தப் பெயரில் பக்கம் இருந்தால் திருப்பிவிடும், இல்லாவிட்டால் மட்டும் ‘இல்லை’ என்று சொல்லும். சந்தூர் நர்சரிக்கும் இதைத்தான் செய்தேன். அன்று சாயங்காலமே அட்டை முகவரிகள் எல்லாம் திறந்தன.

விண்டோஸின் ஐஐஎஸ் சர்வரில், யூஆர்எல் ரீரைட் என்ற மாட்யூலை (கூடுதல் இணைப்பை) சேர்த்தால் சின்ன எழுத்துக்கு மாற்றும் விதி பட்டியலிலேயே இருக்கிறது, எடுத்துப் போட்டால் போதும். இன்னொரு சர்வர் சாஃப்ட்வேரான என்ஜின்எக்ஸ்தான் கொஞ்சம் பிடிவாதம்; எழுத்தைச் சின்னதாக்கும் செயல் அதில் இயல்பாக இல்லை. பெர்ல், லுவா போன்ற ஒரு மாட்யூலைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்தின் அளவு பார்க்காத விதிகளைப் பக்கம் பக்கமாகக் கையால் எழுத வேண்டும்.

அப்பாச்சியிலேயே மாட் ஸ்பெலிங் என்று ஒரு துணைக் கருவியும் உண்டு. அதன் பெயரிலேயே ஓர் ‘எல்’ குறைவு. இணையத்தில் தேடுகிறவர்கள் ஒற்றை ‘எல்’ போட்டுத் தேடுங்கள். கேபிட்டல், ஸ்மால் வித்தியாசத்தையும், ஓர் எழுத்து அளவிலான எழுத்துப் பிழையையும் தானாகச் சரிசெய்து அனுப்பும். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு பிழைக்கும் ஃபோல்டரை முழுக்கத் துழாவுவதால் கூட்டம் அதிகமுள்ள தளத்துக்குச் சுமை. வெளியே காட்டக் கூடாத ஃபைல் பக்கத்தில் கிடந்தால், திருத்துகிறேன் என்று அதையும் எடுத்துக் கொடுத்துவிடலாம். எழுத்தின் அளவை மட்டும் பார் என்று கட்டுப்படுத்துகிற அமைப்பு அதில் இருக்கிறது. போட்டே ஆக வேண்டுமென்றால் அதோடு சேர்த்துப் போடுங்கள்.

நம் ஊர்ப் பெயர்களை எந்தக் கருவியும் காப்பாற்றாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாலக்கோட்டை ஆங்கிலத்தில் பழைய முறைப்படி எழுதுவோரும் உண்டு, உச்சரிக்கிறபடி எழுதுவோரும் உண்டு. செந்தூராவை ‘டி’ போட்டு எழுதுவார்கள், ‘டிஎச்’ போட்டும் எழுதுவார்கள், ‘டிஎச்’சிலும் அந்த ‘டி’ T-யா D-யா என்று கேட்டால் இரண்டு கட்சி. இதற்கெல்லாம் கையால் ஒரு பட்டியல் எழுதி, ஒவ்வொன்றையும் சரியான பக்கத்துக்குத் திருப்புவதைத் தவிர வேறு வழியில்லை. பட்டியலை ஊகித்து எழுத வேண்டாம். யார் எந்த முகவரியைக் கேட்டார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் அக்சஸ் லாகில் 404 வாங்கிய முகவரிகள் வரிசையாகக் கிடக்கும். ஜனங்கள் என்னென்ன விதமாக அடிக்கிறார்கள் என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். தளம் வைத்திருக்கும் பலருக்கு அப்படி ஒரு ஃபைல் இருப்பதே தெரியாது.

இனி எச்சரிக்கைகள். சின்ன எழுத்தாக்குகிறேன் பேர்வழி என்று கண்ணை மூடிக்கொண்டு இறங்கி, ஓடிக்கொண்டிருந்த தளத்தையும் படுக்கவைப்பவர்கள் உண்டு.

முதலில் ஃபைல்களின் பெயரைச் சின்ன எழுத்துக்கு மாற்ற வேண்டும், பிறகுதான் விதி போட வேண்டும். தலைகீழாகச் செய்தால் நன்றாகத் திறந்துகொண்டிருந்த கேபிட்டல் ஃபைல்களும் திறக்காது. பெயர் மாற்றும்போது, லினக்ஸில் ஒரே பெயர் கேபிட்டலில் ஒன்றும் ஸ்மாலில் ஒன்றுமாக இரண்டு தனி ஃபைல்களாக இருக்கலாம். ஒன்று போன வருஷத்து நோட்டீஸாகவும் மற்றது இந்த வருஷத்து நோட்டீஸாகவும் இருக்கலாம். பார்க்காமல் மாற்றினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அழிந்துவிடும்.

301 என்பது நிரந்தரம் என்று பொருள். பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை சர்வரைக் கேட்காமலே திரும்பிவிடும். தப்பான 301-ஐ சர்வரில் எடுத்துவிட்டாலும் வாடிக்கையாளர் போனில் அது உட்கார்ந்திருக்கும். அதனால் தற்காலிகம் என்று பொருள்படும் 302-ஐப் போட்டு ஆற அமரச் சோதித்துவிட்டுத்தான் 301-க்குப் போக வேண்டும். விண்ணப்பப் படிவம் அனுப்புகிற முகவரிகளில் இந்த விதி குறுக்கே வரக் கூடாது. 301-இல் திருப்பினால், நிரப்பிய விவரங்கள் வழியிலேயே உதிர்ந்துவிட வாய்ப்புண்டு. அதற்கென்றே 308 என்று ஓர் எண் பிற்பாடு வந்தது, ஆனாலும் படிவங்களை விதியிலிருந்து ஒதுக்கிவைப்பதே நிம்மதி.

மிக முக்கியமானது கேள்விக்குறி. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவது பக்கத்தின் பெயர் இல்லை, சர்வருக்குக் கொடுக்கும் விவரம். விண்ணப்ப எண், மெயிலில் வரும் உறுதிப்படுத்தும் சாவி எல்லாம் அங்கேதான் இருக்கும். அவற்றில் கேபிட்டல் ‘ஏ’வும் ஸ்மால் ‘ஏ’வும் நிஜமாகவே வேறு வேறு. அதைச் சின்னதாக்கினால் சாவி செல்லாது.

‘விதிப்படி வேறு வேறு முகவரிதானே, சரியாக அடிக்க வேண்டியது அடிப்பவர் பொறுப்பு’ என்று சொல்லும் பொறியாளர்களோடு ஓசூரில் இருந்தபோதே வாதாடியிருக்கிறேன். அவர்கள் சொல்கிற விதி இருக்கிறது. ஆனால் கேபிட்டலில் ஒரு பக்கம், அதே பெயரில் ஸ்மாலில் வேறொரு பக்கம் என்று வேண்டுமென்றே வைத்திருக்கும் நர்சரியையோ பள்ளிக்கூடத்தையோ கூட்டுறவுச் சங்கத்தையோ நான் இன்னும் பார்க்கவில்லை. யாருக்கும் பயன்படாத ஒரு வித்தியாசத்துக்காக, பஸ் பிடித்து வந்து படிவம் போட நிற்கிறவரைத் திருப்பி அனுப்ப வேண்டுமா? செலவு என்றும் சொல்வார்கள். ரீடைரக்ட் பதில் என்பது சில நூறு பைட்; கூடுதலாக ஒரு தடவை போய்வருவது மட்டும்தான். அதையும், ‘எஸ்’ இல்லாத எச்டிடிபியிலிருந்து பாதுகாப்பான முகவரிக்குத் திருப்புகிற வேலையோடு சேர்த்து ஒரே தாவலில் முடித்துவிடலாம். தேடுபொறி பார்க்கிறவர்களுக்கும் லாபம்: கூகுள் எழுத்தின் அளவு மாறிய முகவரிகளைத் தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறது, ரீடைரக்ட் போட்டால் எல்லாம் ஒரே முகவரியில் சேரும்.

கியூஆர் கோடு இருக்கும்போது முகவரியை எதற்கு அடிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அங்கேயும் இதே கதைதான். 1994-இல் ஜப்பானில் டென்சோ நிறுவனம் செய்த அந்தக் கோடில் 45 குறிகளை மட்டும் வைத்து அடக்கமாக எழுதுகிற ஒரு முறை உண்டு. பத்து இலக்கம், 26 ஆங்கில கேபிட்டல் எழுத்து, புள்ளி, சாய்கோடு போன்ற ஒன்பது குறி, அவ்வளவுதான். ஸ்மால் எழுத்துக்கு அதில் இடமில்லை. ஆகவே கோடு நெருக்கமாகிவிடாமல் இருக்க, விவரம் தெரிந்த டிசைனர்கள் முகவரியை முழுக்க கேபிட்டலாக்கிக் கோடு போடுவார்கள். சின்ன அட்டையில் அது கெட்டிக்காரத்தனம்தான், ஸ்கேன் சுலபமாக ஆகும். சர்வரில் ரீடைரக்ட் இல்லாவிட்டால் சுலபமாக ஸ்கேன் ஆகி 404-க்குப் போகும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். கட்டம் கட்டிய செய்திகளில் அழகுக்காக முகவரியை முழுக்க கேபிட்டல் ஆக்காதீர்கள். வரியின் தொடக்கத்தில் முகவரி வந்தால் சாஃப்ட்வேரே முதல் எழுத்தைக் கேபிட்டலாக்கிவிடுகிறது, அதைக் கவனியுங்கள். முகவரி இரண்டாவது வரிக்குப் போகும்போது நடுவில் ஒரு சிறுகோடு முளைக்கிறது, வாசகர்கள் அதையும் சேர்த்து அடிக்கிறார்கள். முடிவில் வைக்கும் முற்றுப்புள்ளியும் அப்படித்தான். அதற்காக எல்லா முகவரியையும் ஸ்மாலாக்கிவிடலாம் என்றும் முடிவெடுத்துவிட வேண்டாம். யூடியூப் வீடியோவின் 11 எழுத்து அடையாளத்திலும் சுருக்கு முகவரிகளிலும் ஓர் எழுத்தின் அளவு மாறினால் அந்த லிங்க் போச்சு, எந்த ரீடைரக்டும் அதைக் காப்பாற்றாது. பக்கம் அச்சுக்குப் போகுமுன் யாராவது ஒருவர் புரூஃபைப் பார்த்துத் தன் போனில் கையால் அடித்துப் பார்க்கட்டும். மெயிலில் வந்ததைக் காப்பி செய்து ஒட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது, வாசகர் அப்படித் திறப்பதில்லை.

சந்தேகம் கேட்ட வாசகருக்கு, அவர் அடித்ததில் தப்பில்லை என்று தங்கள் பகுதியிலேயே இன்னொரு வரி போட்டால் நன்றாயிருக்கும். தளம் வைத்திருக்கும் பள்ளி, சங்கம், கடைக்காரர் யாராயிருந்தாலும், தன் தளத்தின் உள்பக்கம் ஒன்றின் முகவரியை முழுக்க கேபிட்டலில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். திறக்கவில்லை என்றால் தளத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் இந்தக் கத்தரிப்பைக் கொடுத்தால் போதும், மற்றதை அவர் புரிந்துகொள்வார். கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதைத் தொட வேண்டாம் என்பதை மட்டும் வாயாலும் ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

வாடிக்கையாளர் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.